அக்கா வாசலில் பச்சைப் புள்ளி

அந்தப் பை மேல கால் வச்சிராதீங்க அண்ணாச்சி, உள்ள பட்டுச்சேலை இருக்கு. குடத்தை நான் மடியில வச்சுக்கிடுறேன். நீளமா சுருட்டி வச்சிருக்கேனே, அது உங்க விலாவுல குத்துதா? ஜன்னல் பக்கமா சாய்ச்சு விடுங்க. மடங்கிறக் கூடாது. சேலை கசங்கினாக்கூட தேய்ச்சுக்கிடலாம், அது மடங்கினா போச்சு.

சீர்தான், வேற என்ன. தாய்மாமன் சீர். எங்க அக்கா மகளுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம், சூரங்குளத்துல. நீங்களும் சூரங்குளத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தீங்க, கவனிச்சேன். ஊரே அதுதானா? அப்ப நல்லதாப் போச்சு, உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எம்பேரு ஜெயக்கொடி. நம்ம நகராட்சியில குடிநீர் இன்ஜினியரா இருந்தேன். இப்ப இல்லை. இப்ப வடக்க ஒரு ஊர்ல குப்பைக் கிடங்கைப் பாத்துக்கச் சொல்லித் தூக்கிப் போட்டுட்டாங்க. அதை விடுங்க.

அழைப்பு வந்துச்சான்னு நீங்க கேக்கலை. கேட்டிருந்தா வரலைன்னுதான் சொல்லணும். கூடப் பிறந்தவ அண்ணாச்சி! பொன்ராணின்னு பேரு. அம்மா போனதுக்கு அப்புறம் என்னை வளர்த்து ஆளாக்கினவ. கார்த்திகையில இருந்து என் போனை எடுக்கிறதில்லை. பாப்பா, அதான் கல்யாணப் பொண்ணு பவதாரிணி, அவதான் அம்மாவுக்குத் தெரியாம பேசினா. "மாமா, நீங்க வந்து மாலை போடாம நான் சபையில உக்கார மாட்டேன்"னா. எனக்கு அழுகை வந்துருச்சு. காது குத்தும்போது என் மடியில உக்காந்து என் சட்டைப் பித்தானைக் கடிச்சுத் துப்பின பிள்ளை. உடனே கிளம்பிட்டேன். அக்கா உள்ள விடுவாளா, வாசலோட திருப்பி அனுப்புவாளான்னு தெரியாது. இந்தக் குடம், இந்தச் சேலை எல்லாம் அவ கையில போய்ச் சேரணும், அதான் எனக்கு இப்போ வேணும்.

இத்தனைக்கும் நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒண்ணும் பண்ணலை. என் வேலையை ஒழுங்காப் பாத்தேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நம்ம ஊருக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வர்ற திட்டம்னு ஒண்ணு வந்துச்சுல்ல? ஏன் சிரிக்கிறீங்க? திட்டம் வந்துச்சுன்னுதான் சொன்னேன், தண்ணி வந்துச்சுன்னா சொன்னேன்? அந்தத் திட்டத்துக்காக ஊர்க் குழாய் மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள வரைஞ்சோம். எந்தத் தெருவுல எத்தனை இஞ்சுக் குழாய், எந்த மேட்டுல டேங்க், எந்த முக்குல வால்வு, எல்லாம். மாடல்னு பேரு. உள்ள தண்ணி ஓடும் அண்ணாச்சி. அம்புக்குறி போட்டு, தெருத்தெருவா, சந்து பொந்தெல்லாம் ஓடும். நான் மத்தியானச் சாப்பாட்டை அது முன்னாடி வச்சுத்தான் சாப்பிடுவேன். நம்ம ஊர்ல அப்படித் தண்ணி ஓடி நான் வேற எங்கயும் பாத்ததில்லை.

நம்ம ஊரு காலண்டர் அடிக்கிற ஊரு. வீட்டுக்கு வீடு காகிதம், சுத்திலும் தீப்பெட்டி ஆபீசு. அதனால மேல இருந்து ஒரு நிபந்தனை போட்டாங்க. எந்தத் தெருவுல தீப்பிடிச்சாலும், அந்தத் தெருவுல இருக்கிற சிவப்புக் குழாய்ல தீயணைப்பு வண்டிக்காரங்க ஓஸ் பைப்பை மாட்டினா தண்ணி பீறிட்டு வரணும். வருமான்னு மாடல்ல பாத்து முடிவைக் காட்டணும். கம்ப்யூட்டரே ஒவ்வொரு தெருவுலயும் தீ வச்சுப் பாக்கும். பொய்த் தீதான், பயப்படாதீங்க. அவ்வளவு தண்ணியை அங்க இழுத்தா குழாய்ல மிச்சம் எவ்வளவு அழுத்தம் நிக்கும்னு கணக்குப் போடும். போதும்னா பச்சைப் புள்ளி. பத்தாதுன்னா சிவப்புப் புள்ளி. அந்த முடிவைச் சரிபாத்துக் கையெழுத்துப் போடுறது யாரு? இந்த ஜெயக்கொடி.

சரிபாக்கிறதுன்னா சும்மா இல்லை. மாடலை ஓட்டுறதுக்கு ஒரு கம்பெனிக்காரங்க ஹேமாவதின்னு ஒரு பொண்ணை அனுப்பியிருந்தாங்க. கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா பச்சையைப் பாத்தா சந்தோஷப்படத் தெரியாது. ஊரெல்லாம் பச்சை, ஒரு தெரு மட்டும் சிவப்பு. பஜனைமடத் தெரு. நம்ம அக்கா தெரு! எனக்கு எப்படி இருக்கும்? "சார், அந்தக் குழாய் ரொம்பப் பழசு. உள்ள உப்புப் படிஞ்சு விரல் நுழையிற ஓட்டைதான் மிச்சம் இருக்கும், அதான் சிவப்பு வருது"ன்னா. "பழசுங்கிறதை எப்படிம்மா கம்ப்யூட்டருக்குச் சொல்லுவ?"ன்னேன். ஒரு எண் இருக்கு, பழைய குழாய்க்குக் கம்மி, புதுக் குழாய்க்குக் கூடன்னா. "அந்தக் குழாயை வருங்காலத்துல மாத்தத்தானே போறோம், இப்பவே புதுசுன்னு போட்டிரு"ன்னேன். போட்டா. தெரு பச்சையாயிருச்சு. ஒரு பள்ளம் தோண்டலை, ஒரு வீட்டு வாசலை உடைக்கலை, ஒரு ஆள் என்னைத் திட்டலை. இருபது வருஷ சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமா ஒரு தெருவுக்குக் குழாய் மாத்தினது அன்னைக்குத்தான்.

அந்தப் பொண்ணு விடலை. "சார், மாடல்ல எந்நேரமும் குழாய் நிறையத் தண்ணி இருக்கிறதா வச்சிருக்கோம். இங்க எட்டு நாளைக்கு ஒரு தடவைதானே முறை வச்சுத் திறக்கிறாங்க? மத்த நாள் குழாய்ல வெறும் காத்துதானே சார்?"னு கேட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏம்மா, என்னைக்கோ ஒரு நாள் பிடிக்கிற தீக்காக தினமும் குழாயை நிறைச்சு வைக்க முடியுமா? ஊர்ல பஞ்சம் தெரியாமப் பேசுற"ன்னேன். அப்பவும், "ஒரு தடவை நேர்ல போய் அந்தச் சிவப்புக் குழாயைத் திறந்து பாத்திருவோமே சார்"ங்கிறா. ஆபீஸ் சுவர்ல நாமளே பெருசா எழுதி வச்சிருக்கோம், தண்ணியை வீணாக்காதீர்னு. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கேக்கிறா, குழாயைத் திறந்து பாப்போம்னு! முடியாதுன்னுட்டேன்.

ஆனா அளவு பொருத்தினோம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கிடுங்க. நேர்ல ரெண்டு மூணு இடத்துல மீட்டர் வச்சுப் பாத்தா ஒரு அளவு வரும், மாடல்ல ஒரு அளவு வரும். ரெண்டும் ஒண்ணு போலச் சொல்ற வரைக்கும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். ஒரு சிட்டிகை கூட்டி, ஒரு சிட்டிகை குறைச்சு. அது ஒரு கை நேக்கு. எல்லாருக்கும் வராது.

மொத்த ஊரும் பச்சையா வந்தப்போ கலர்ல பெருசா பிரிண்ட் எடுத்து கமிஷனர் ரூம்ல மாட்டினாங்க. வர்றவங்க எல்லாம், "அடேயப்பா, ஊரா தோப்பா?"ன்னு கேப்பாங்க. திறப்பு விழா அன்னைக்கு நீங்க ஊர்ல இருந்தீங்களா? பஜனைமடத் தெருவுலதான் வச்சேன், நம்ம அக்கா வாசல்ல. வால்வு திறக்கிற பிச்சைமணியைக் கூப்பிட்டு, ஊர்ல அத்தனை வால்வையும் அடைச்சுட்டு, ரெண்டு லாரித் தண்ணியையும் பின்னால இருந்து குழாய்க்குள்ள ஏத்தி வைடான்னேன். பெரிய மனுஷங்க வந்து திருகினதும் அடிச்சுச்சு பாருங்க! பொன்னாடை எல்லாம் நனைஞ்சு போச்சு. அக்கா மாடியில நின்னு கை தட்டினா. எனக்கு நெஞ்சு இவ்வளவு பெருசாயிருச்சு. "இனிமே உன் வாசல்லயே ஒரு ஆறு நிக்குதுக்கா"ன்னேன். அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அங்கதான் ஒரு சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா. அக்கா வீடு மாடியில, கீழ காலண்டர் கிடங்கு. கிடங்குக்கு நடுவுல ஒரு பெரிய தரைத்தொட்டி இருந்துச்சு, அத்தானோட அப்பா காலத்துல கட்டினது. எப்பவும் நிறைச்சு வச்சிருப்பா. பக்கத்துல மணல் வாளி வரிசையா நிக்கும். விழா முடிஞ்சு சாப்பிடும்போது, "இன்னும் எதுக்குக்கா இது, இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மூடுன்னு சொன்னேனா? சொல்லலை. அவளா மண்ணைக் கொட்டி மூடி, மேல சிமெண்டு போட்டு, அதுலயும் காலண்டர்க் கட்டுகளை அடுக்கிட்டா. தம்பி பேச்சை இப்படியா அப்படியே கேக்கிறது?

கார்த்திகை மாசம், நல்ல மத்தியானம். கிடங்குல கட்டிங் மிஷின் ஒயர்ல பொறி பறந்து தீப்பிடிச்சிருக்கு. தீயணைப்பு வண்டி வேகமாத்தான் வந்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது. வண்டியில இருந்த தண்ணி தீந்ததும் அக்கா வாசல்ல இருக்கிற குழாய்ல ஓஸை மாட்டித் திருகியிருக்காங்க. புஸ்ஸுன்னு காத்து. கொஞ்சம் துரு. அப்புறம் அந்தக் காத்தும் நின்னு போச்சு. அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி! பஜனைமடத் தெருவுக்கு அந்தத் தடவை முறை வெள்ளிக்கிழமை. தீ மூணு நாள் பொறுத்துப் பிடிச்சிருந்தா என் மாடல்ல போட்ட மாதிரியே தண்ணி வந்திருக்கும்.

என்ன கேட்டீங்க? வெள்ளிக்கிழமை பிடிச்சிருந்தாலும் அந்தப் பழைய குழாய்ல எப்படி வரும்னா? அதான் புதுசுன்னு போட்டாச்சேங்கிறேன். சொன்னதையே எத்தனை தடவை சொல்றது?

அடுத்த வருஷக் காலண்டர் மொத்தமும் போச்சு. தை, மாசி, பங்குனி எல்லாம் தெருவுல கருகிப் பறந்துச்சுன்னாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகலை, கடவுள் புண்ணியம். அத்தானுக்குத்தான், எரியிற காலண்டர்க் கட்டுகளை இழுக்கப் போய், ரெண்டு கையும்... இப்ப தேவலை. விரல் முழுசா மடங்க மாட்டேங்குது. இன்னைக்குச் சம்பந்திகிட்ட தட்டு மாத்தும்போது அந்தக் கையாலதான் பிடிக்கணும். பக்கத்துல நின்னு நான் ஒரு பக்கம் தாங்கிக்கிடலாம்னு நினைச்சேன். மனுஷர் என்னை ஒரு சொல் சொல்லலை. அக்காதான் ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, "நீ பாத்தியாடா? திறந்து பாத்தியா?"ன்னா. "பாத்தேன்க்கா, பச்சைதான் காட்டுச்சு"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அன்னையில இருந்து பேச்சில்லை.

விசாரணையில அந்த ஹேமாவதிப் பொண்ணு நடந்ததை நடந்தபடியே சொல்லிருச்சு. எங்கூட எத்தனை டீ குடிச்சிருக்கு! நன்றி கிடையாது இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு.

அதான் அந்தச் சுருளைக் கொண்டுபோறேன். கமிஷனர் ரூம்ல இருந்த அதே படம், பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கேன். அக்கா இன்னும் இதைக் கண்ணால பாக்கலை. பாத்தான்னா மனசு மாறிருவா. பிரிங்க, பிரிச்சுப் பாருங்க. இந்தா, இதுதான் பஜனைமடத் தெரு. இந்தப் புள்ளி அக்கா வாசல். என்ன நிறம்? சொல்லுங்க. பச்சைதானே?

ஒரு நிமிஷம், போன். பாப்பாதான்... சொல்லு பாப்பா... வந்துக்கிட்டே இருக்கேன், ரோடு பிரியிற விலக்குக்குப் பக்கத்துல... அம்மாகிட்ட சொல்லிட்டியா! என்ன சொன்னா?... என்னது?... இன்னொரு தடவை சொல்லு... ம்... ம்... சரி பாப்பா. நீ அழாத. முகத்துல பவுடர் கலைஞ்சிரும். மாமா பாத்துக்கிடுறேன். வச்சிரு.

உள்ள விடுறாளாம் அண்ணாச்சி. வரச் சொல்லிட்டாளாம். ஆனா சேலை வேண்டாம், தட்டு வேண்டாம். சீர்க் குடம் கொண்டு வருவான்ல, வாசல்ல நிக்கிற சிவப்புக் குழாய்ல அந்தக் குடம் நிறையத் தண்ணி பிடிச்சு, இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள வரச் சொல்லு, அதுதான் அவன் சீருன்னுட்டாளாம். சபையில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லியிருக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு.

ஒரு குடம்தானே? ஒரு குடம். இருங்க, பிச்சைமணியைக் கூப்பிடுறேன்... பிச்சைமணி, நான் ஜெயக்கொடி... நல்லா இருக்கேன்ப்பா. பஜனைமடத் தெருவுக்கு இப்ப கொஞ்சம் திறந்து விட முடியுமா? முறை இல்லைன்னு தெரியும், ஒரு குடத்துக்குத்தான்... ஆங்... ஆங்... அப்படியா... சரி, நீ திறந்து வை. நல்லவன் அண்ணாச்சி, திறக்கிறேன்னுட்டான். ஆனா திறந்தாலும் சொட்டுச் சொட்டாத்தான் விழுமாம், ஒரு குடம் நிறையச் சாயங்காலம் ஆயிருமாம். நல்ல நேரம் பன்னிரண்டு மணிக்கு முடியுது.

விலக்கு வந்துருச்சு. பஸ்ஸு டீக்கு நிக்கும். இறங்குங்க அண்ணாச்சி, ஒரு டீ வாங்கித் தர்றேன், உங்களால ஒரு காரியம் ஆகணும். தம்பி, ரெண்டு டீ. அந்தத் தண்ணிக் கேன் ஒண்ணு குடு. ஒரு உப்புப் பாக்கெட்டும் குடு. கல் உப்பு வேண்டாம், தூள் உப்பு.

இப்படிப் பாக்காதீங்க. தண்ணி தண்ணிதானே? தெருமுக்குல நின்னு குடத்துல ஊத்தி, வெளியில கொஞ்சம் தெளிச்சு விட்டுக்கிட்டு நடந்து போனா, குழாய்ல பிடிச்சதா கேன்ல பிடிச்சதான்னு யாருக்குத் தெரியும்? அக்கா ஒரு வாய் குடிச்சா மட்டும் கண்டுபிடிச்சிருவா. நம்ம ஊர்த் தண்ணி நாக்குல பட்டதும் உப்புக் கரிக்கும்ல? கேன் தண்ணி சப்புன்னு இருக்கும். அதுக்குத்தான் உப்பு. ஒரு சிட்டிகை... கலக்கியாச்சு. நீங்க நம்ம ஊர்க்காரர், உங்க நாக்குதான் இப்ப மீட்டர். ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. பத்தலையா? இன்னொரு சிட்டிகை. இப்ப? கூடிருச்சா? கொஞ்சம் கீழ ஊத்திட்டு நல்ல தண்ணி விடுவோம். இப்ப சரியா இருக்குல்ல? அச்சு அசலா நம்ம குழாய்த் தண்ணி! நான் சொன்னேன்ல, கை நேக்கு வேணும்னு. வாங்க வாங்க, டிரைவர் ஆரன் அடிக்கிறாரு.

அப்பாடா. இப்பத்தான் அண்ணாச்சி மூச்சு வருது. மாலையை இந்தப் பக்கம் குடுங்க. பாப்பாவுக்குச் சம்பங்கி பிடிக்கும்னு அதையும் சேத்துக் கட்டச் சொன்னேன். அக்கா முதல்ல முறைப்பா. அப்புறம் குடத்தை இடுப்புல வச்சு நான் உள்ள நுழைஞ்சதும், "ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்ட?"ன்னு கேப்பா. அவளை எனக்குத் தெரியாதா?

பாப்பா ஏதோ போட்டோ அனுப்பியிருக்கா. வெயில்ல ஒண்ணும் தெரியலை, நீங்க பாருங்க. யாரு அது, தெருவுல? நாற்காலியா? குடுங்க, நிழல்ல வச்சுப் பாக்கிறேன்.

அக்காதான். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு, சிவப்புக் குழாய்க்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கா. கீழ பாப்பா ஏதோ எழுதியிருக்காளே, படிங்க. "மாமா, தண்ணி பிடிக்கிறதை அம்மா பக்கத்துல இருந்து பாக்கணுமாம். அப்பாவையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க."

அத்தானும் இருக்காரா? ஆமா. கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

பயமா இருக்கு அண்ணாச்சி. கூட்டம் இருந்தாக்கூடப் பரவாயில்லை. அவங்க ரெண்டு பேர் முன்னாடி நின்னு அதைத் திருகணுமே. கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இந்தக் கேனை நீங்களே எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம். குடத்தை மட்டும் குடுங்க.

கொஞ்சம் இருங்க, இறங்கிராதீங்க. அந்தச் சுருளை இன்னொரு தடவை பிரிங்க. பஜனைமடத் தெரு, இந்த ஓரத்துல... இந்தப் புள்ளி. பச்சைதானே அண்ணாச்சி? நீங்களும் பாத்தீங்கல்ல? சொல்லுங்க, வரும்ல?